புள்ளியும் பென்சிலும்: மூன்று உயர்விலைக் கைபேசிகளோடு ஒரு கோடை

கல்லூரியில் தமிழ் நடத்துகிறவர்களிடம் கைபேசி வாங்க யோசனை கேட்டு யாரும் வருவதில்லை. பிள்ளைக்குப் பெயர் கேட்பார்கள். திருமண அழைப்பிதழில் ஒற்று மிகுமா என்று கேட்பார்கள். ஆனால் 2025 கோடை விடுமுறைக்குப் பிறகு, திண்டுக்கல்லில் எங்களைச் சந்திக்கும் நண்பர்கள், "எழுபது எண்பதாயிரம் போட்டு வாங்குகிற ஆண்ட்ராய்ட் கைபேசிகளில் எது நல்லது?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆளாளுக்குத் தனித்தனியே சொல்லிக் களைத்துவிட்டோம். ஆகவே இங்கே எழுதிவைக்கிறோம்.

'நாங்கள்' என்றால் நான்கு பேர். தமிழ்த் துறையில் இருவர், வேதியியல் துறையில் ஒருவர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர். ஞாயிறு மாலைகளில் கூடிப் படிக்கிற சிறு வட்டம். வட்டத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் தலைவர், செயலாளர் எல்லாம் தேவைப்படும் என்கிற அச்சம்தான் காரணம்.

எங்கள் வட்டத்தின் மூத்த வாசகர் ஒருவர் இருந்தார். பள்ளி ஆசிரியர். அவரை எல்லோரும் 'சார்' என்றே அழைப்போம். இங்கும் அப்படியே இருக்கட்டும். அவர் மறைந்து ஓராண்டு கழித்து, 2025 மார்ச் மாதம், நாகல் நகரில் இருந்த அவருடைய வீட்டுக்கு அவர் மனைவி எங்களை வரச் சொன்னார். வீட்டைக் கொடுத்துவிட்டு மே மாதக் கடைசியில் ஓசூரில் மகனோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். பிறகு உள்ளறையில் இருந்த இரும்புப் பெட்டியைக் காட்டினார். நம்மூர்ப் பூட்டுப் போட்ட பெட்டி. சாவி எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை. பட்டறைக்காரர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் பூட்டை உடைக்க மறுத்து, முக்கால் மணி நேரம் உட்கார்ந்து புதிய சாவி அராவித் திறந்துகொடுத்தார்.

உள்ளே இதழ்கள். 1959-இல் சி.சு.செல்லப்பா தொடங்கிய 'எழுத்து', 'தீபம்', 'கணையாழி', 'கசடதபற', இன்னும் பெயர்ப்பக்கம் கிழிந்துபோன சில. எண்ணிப் பார்த்ததில் 212 இதழ்கள், ஏறத்தாழ 8,500 பக்கங்கள். செல்லப்பா வளர்ந்த வத்தலக்குண்டு இங்கிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். 'மணிக்கொடி'யைச் சிறுகதை இதழாக நடத்திய பி.எஸ்.ராமையாவும் அதே ஊர்க்காரர். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமய்யரும் அவ்வூரே. ஆகையால் அந்தப் பெட்டியை எங்கள் வட்டாரத்துச் சொத்தாகவே கருதினோம். கேட்டுப் பார்த்தோம். அம்மா தயங்காமல் சொன்னார்:

"வீட்டையே விட்டுட்டுப் போறேன் தம்பி. இதையும் விடச் சொன்னா எப்படி? போட்டோ வேணா எடுத்துக்கங்க. போறதுக்குள்ள எடுத்துருங்க."

இரண்டு மாதம். தாளோ தொட்டால் ஓரம் உதிர்கிறது. தட்டையாக அழுத்தும் ஸ்கேனரில் வைத்தால் முதுகுத் தையல் விட்டுவிடும். மேலிருந்து படமெடுப்பது ஒன்றே வழி. நல்ல கைபேசி ஒன்று வாங்கிவிடலாம் என்று நான்கு பேரும் பணம் போட்டோம். வெளியூர் நண்பர்கள் சிலரும் அனுப்பினார்கள். 62,000 ரூபாய் சேர்ந்தது. உச்சவிலைக் கைபேசிக்குக் கொஞ்சம் குறைவு, மற்றவற்றுக்கு அதிகம்.

*

கடைக்காரர்கள் இவ்வகைக் கைபேசிகளை 'ஃப்ளாக்‌ஷிப்' என்கிறார்கள். கடற்படையில் தளபதி ஏறி வரும் கப்பலில் அவர் கொடி பறக்கும்; அந்தக் கொடிக்கப்பலின் பெயர் இப்போது கடைகளின் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்துவிட்டது. ஒவ்வொரு நிறுவனமும் தன்னால் இயன்றதை எல்லாம் ஏற்றி அனுப்பும் கலம் என்று பொருள் கொள்ளலாம்.

எங்களுக்கு மூன்று கொடிக்கப்பல்கள் இரவலாகக் கிடைத்தன. ஒன்று எங்களில் ஒருவருடையது. மற்றவை ஓர் உறவினருடையதும், விடுப்பில் ஊருக்கு வந்த பழைய மாணவர் ஒருவருடையதும். முறை வைத்துக் காலையில் வாங்கி இரவில் திருப்பிக் கொடுப்போம். தாளில் உள்ள கணக்கை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சாம்சங் கேலக்ஸி எஸ்25: 2025 ஜனவரியில் வந்தது. 6.2 அங்குலத் திரை, 162 கிராம் எடை, 4,000 மில்லி ஆம்பியர் மணி மின்கலம், ஸ்னாப்டிராகன் 8 எலைட் செயலி. வந்தபோது விலை 80,999 ரூபாய்.

கூகுள் பிக்சல் 9: 2024 ஆகஸ்டில் வந்தது. 6.3 அங்குலம், 198 கிராம், 4,700 மில்லி ஆம்பியர் மணி, கூகுளின் சொந்தச் செயலியான டென்சர் ஜி4. வந்தபோது விலை 79,999.

ஒன்பிளஸ் 13: இந்தியாவுக்கு 2025 ஜனவரியில் வந்தது. 6.82 அங்குலம், 210 கிராமுக்குக் குறையாத எடை, 6,000 மில்லி ஆம்பியர் மணி, செயலி எஸ்25-இல் உள்ள அதே குடும்பம். வந்தபோது விலை 69,999. மூன்றில் இதன் பெட்டிக்குள் மட்டுமே சார்ஜர் வருகிறது, அதுவும் 100 வாட். மற்ற இரண்டிலும் கம்பி மட்டும்; சார்ஜரைத் தனியே வாங்கிக்கொள்ள வேண்டும்.

மூன்றிலும் முதன்மைக் கேமரா 50 மெகாபிக்சல். மூன்றிலும் நினைவு அட்டை செருக இடமில்லை. இனி ஒரு வேண்டுகோள். சோதனையில் கண்ட குறைகளைச் சொல்லும்போது எந்தக் கைபேசி என்று பெயர் சொல்லப்போவதில்லை. எங்கள் கையில் இருந்தது ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பிரதி. பிரதி ஒன்றை வைத்துப் பதிப்பு முழுவதையும் பழிப்பது தமிழ் படித்தவர்களுக்கு அழகன்று. தவிரவும் இந்தக் குறைகளில் பல, ஒரு மென்பொருள் மாற்றத்தில் தீரக்கூடியவை. ஒரு மாற்றத்தில் புதிதாக வரக்கூடியவையும் கூட.

*

அன்றாடப் பயன்பாட்டைப் பற்றி முதலில். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கைபேசியில் தமிழ் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வரிசை வரிசையாகக் கட்டங்கள். ஓபரா மினி உலாவியில் ஓர் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டு என்று மாற்றிவிட்டால்தான் கட்டங்கள் எழுத்தாகும். அந்த வித்தையை ஒருவருக்கொருவர் மந்திர உபதேசம் போலச் சொல்லிக்கொடுத்தோம். ஆண்ட்ராய்டின் 4-ஆம் பதிப்பு வந்த பின்னரே நிலைமை மெல்லச் சீரானது. 2017-இல் கூகுள் தமிழில் பேசினால் எழுதும் வசதியைக் கொடுத்தது. இன்று மூன்று கைபேசிகளிலும் தமிழ் குறையில்லாமல் தெரிகிறது. 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையையும் எதிலும் நிறுவிக்கொள்ளலாம். இந்த அளவில் ஒன்றுக்கொன்று வேறுபாடு இல்லை. எட்டாயிரம் ரூபாய்க் கைபேசியோடு ஒப்பிட்டாலும் இல்லை. இதை ஒரு பெரும் முன்னேற்றம் என்றே கருதுகிறோம். ஏழைக்கும் செல்வருக்கும் ஒரே தமிழ் கிடைக்கிற இடங்கள் அதிகம் இல்லை.

வேகம்? விடைத்தாள் மதிப்பெண் ஏற்றினோம். நானூறு பக்கப் பழைய நூலின் படக்கோப்பைத் திறந்து விரைந்து புரட்டினோம். மூன்றும் திணறவில்லை. எங்களுள் ஒருவரிடம் இருக்கும் ஐந்தாண்டுப் பழைய கைபேசி, அதே கோப்பின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கணம் வெறிச்சென்று நின்றது. பழையதற்கும் புதியதற்கும் இடையே தூரம் உண்டு. புதிய மூன்றுக்கும் இடையே கண்ணில் படும் தூரம் இல்லை. செயலிகளின் மதிப்பெண் பட்டியலில் அவற்றுக்கிடையே பெரிய இடைவெளி காட்டுவார்கள். அந்த இடைவெளி எங்கள் ஒரு நாளுக்குள் எங்கும் தென்படவில்லை.

வேறுபாடு தெரிந்தது வெயிலில்தான். திரையின் உச்ச ஒளியை 'நிட்' கணக்கில் சொல்கிறார்கள்: எஸ்25-க்கு 2,600, பிக்சல் 9-க்கு 2,700, ஒன்பிளஸ் 13-க்கு 4,500. ஏப்ரல் மாத நண்பகலில் காமராஜர் பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தோம். முதல் சில நிமிடங்கள் மூன்றிலும் எழுத்து தெளிவாகவே தெரிந்தது. பிறகு சூடு ஏற ஏற, ஒவ்வொன்றும் தன்னைக் காத்துக்கொள்ளத் திரையை மங்கலாக்கியது. கைபேசி நிறுவனங்கள் பல, 0 முதல் 35 பாகை வெப்பத்துக்குள் பயன்படுத்துங்கள் என்று குறிப்பேட்டில் எழுதுகின்றன. நம் ஊர்க் கோடையில் அந்த எல்லை காலை பத்து பத்தரைக்கே முடிந்துவிடும். உச்ச ஒளி என்பது இங்கே விளம்பரத்தில் மட்டும் காணக்கூடிய பொருள்.

சார் வீட்டு உள்ளறை ஓட்டுக்கூரை. அங்கேதான் வேலை. தொடர்ந்து ஐம்பது அறுபது படம் எடுத்ததும் பின்புறம் தோசைக்கல்லாகும். ஒன்று கேமராவை மூடிவிட்டுச் சற்று ஓய்வு கேட்டது. மற்றொன்று மூடவில்லை, ஒவ்வொரு படத்துக்கும் எடுத்துக்கொள்ளும் நேரம் நீண்டது. ஆகவே காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்கு நிறுத்துவது என்று வழக்கப்படுத்திக்கொண்டோம். பக்கத்துக்குப் பதினைந்து விநாடி என்றால் 8,500 பக்கத்துக்கு 35 மணி நேரம். நாளுக்கு மூன்று மணி என்றால் பன்னிரண்டு நாள். தாளில் கணக்கு எப்போதும் இனிமையாகவே இருக்கிறது.

மின்கலத்தில் பெரியது பெரியதுதான். 6,000 உள்ளது காலை வேலை முடிந்த பின்னும் பாதிக்கு மேல் வைத்திருந்தது. 4,000 உள்ளது சட்டைப்பையில் இருப்பதே தெரியாது. பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் படிக்கிறவர்களுக்கு அதுவே பெரிய வசதி. எதை விட்டு எதைக் கொள்வது என்பது அவரவர் பயணத்தைப் பொறுத்தது.

*

இனிக் கேமரா. எங்கள் காரியமே அதில்தான்.

50 மெகாபிக்சல் என்றாலும், இயல்பு நிலையில் நான்கு புள்ளிகளை ஒன்றாக்கி ஏறத்தாழ 12 மெகாபிக்சல் படமாகவே தருகிறார்கள். ஏ4 அளவுப் பக்கம் ஒன்றைச் சட்டத்துக்குள் நிரப்பி எடுத்தால் அங்குலத்துக்குச் சுமார் 340 புள்ளிகள் கிடைக்கும். படித்தறிய அது போதும். ஆனால் தமிழுக்கு மட்டும் ஒரு தனிச் சோதனை உண்டு. மெய்யெழுத்தின் மேல் இருக்கிற புள்ளி.

பழைய அச்சில், பத்துப் பாயிண்ட் எழுத்தில், அந்தப் புள்ளியின் விட்டம் எங்கள் அளவில் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. படத்தில் அதற்குக் கிடைப்பது குறுக்காக நான்கைந்து புள்ளிகள். வெளிச்சம் குறைந்தால் படத்தில் மணல் தூவினாற்போல் இரைச்சல் வரும். கைபேசி அதை நீக்கப் பார்க்கும். இரைச்சலுக்கும் புள்ளிக்கும் வேறுபாடு தெரியாமல் இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிடும். குழல்விளக்கு மட்டும் எரிந்த ஒரு மாலையில் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, மூன்றில் இரண்டு, சில வரிகளில் புள்ளிகளைத் தின்றிருந்தன. 'கல்' 'கல' ஆகியிருந்தது. தொல்காப்பியர் மெய்க்குப் புள்ளி விதித்தார். ஏட்டில் எழுதியவர்களோ எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்று அதை விட்டார்கள் என்பார்கள். புள்ளியில்லா ஏடுகளை வைத்துக்கொண்டு உ.வே.சாமிநாதையர் முதலானோர் பட்ட பாடு நாம் அறிந்ததே. எண்பதாயிரம் ரூபாய்க்கு மீண்டும் ஓலைச்சுவடிக்கே போவதா?

அடுத்த நாள் காலை, கிழக்குச் சன்னலருகே மேசையைப் போட்டு அதே பக்கங்களை எடுத்தோம். மூன்றிலும் புள்ளி நின்றது. உதவிக்கு வந்த மாணவரின் பதினைந்தாயிரம் ரூபாய்க் கைபேசியிலும் எடுத்துப் பார்த்தோம். அதிலும் நின்றது. எங்களுக்குச் சற்று வெட்கமாக இருந்தது. இவ்வளவு நாள் கைபேசியின் தரத்தை ஒப்பிட்டுக்கொண்டிருந்ததாக எண்ணினோம். உண்மையில் குழல்விளக்கையும் சூரியனையும் ஒப்பிட்டிருக்கிறோம்.

இன்னொன்றும் கற்றோம். உயர்விலைக் கைபேசிகளின் ஒளியுணரி பெரியது. இருட்டில் அது வரம். ஆனால் மிக அருகே வைத்து எடுத்தால் தெளிவு நிற்கும் ஆழம் குறைந்துபோகும். நடுப்பக்கம் பளிச்சென்றும், தையலை ஒட்டி வளையும் வரிகள் கலங்கியும் வரும். தவிர, பொருள் மிக அருகில் வந்தால் சில கைபேசிகள் தாமாகவே அகலக் கோணக் கேமராவுக்கு மாறிவிடும். பக்கத்தின் ஓரங்கள் வளைந்து, நேர்வரி வில்லாகும். ஒரு முழம் மேலே தூக்கி, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்தால் இரண்டு தொல்லையும் தீரும். கடையில் நின்று கேட்டால் இதை யாரும் சொல்வதில்லை.

*

இப்படியாகப் பழகி, ஒன்றைத் தேர்ந்து, நான்கு காலைகளில் 1,100 பக்கங்களை முடித்தோம். பக்கங்கள் மிக அழகாக வந்திருந்தன. பழுப்பேறிய தாள் வெண்மையாகி, கறை மறைந்து, எழுத்து கன்னங்கரேலென்று நேற்று அச்சடித்தாற்போல் நின்றது. ஒவ்வொரு பத்துப் பக்கத்துக்கும் ஒன்றைப் பெரிதாக்கிப் புள்ளிகளைச் சரிபார்த்தோம். எல்லாம் சரி. பெருமிதத்தோடு அம்மாவிடம் காட்டினோம்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு விரலால் தள்ளித் தள்ளி, ஏழெட்டுப் பக்கம் பார்த்தார். பிறகு எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லாத்தான் தம்பி இருக்கு. அவரு எழுதினதெல்லாம் எங்க?"

எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. சார் கதை கவிதை ஒன்றும் எழுதியவரில்லையே என்று நினைத்தோம். அம்மா உள்ளே போய் அந்த இதழை எடுத்து வந்து பிரித்துக் காட்டினார். ஓரமெங்கும் பென்சில். மிக மெல்லிய, சாய்ந்த கையெழுத்து. ஒரு வரியின் பக்கத்தில் கேள்விக்குறி. ஒரு சொல்லின் கீழே கோடு. 'இது முன்பே சொன்னதுதான்' என்று ஒரு முணுமுணுப்பு. ஒரு கவிதையின் அருகே தேதி மட்டும்.

படத்தில் ஒன்றும் இல்லை. வெள்ளை ஓரம்.

நாங்கள் எடுத்தது ஆவணம் எடுப்பதற்கென்றே அமைந்த முறையில். தாளைக் கண்டதும் நிழலையும் கறையையும் நீக்கி, எழுத்தை மட்டும் தூக்கிக் காட்டுவது அதன் வேலை. அறுபதாண்டுப் பழைய பென்சில் கோட்டை அது கறை என்று தீர்ப்பளித்துவிட்டது. அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்த முறையைத் தேர்ந்தெடுத்தது நாங்கள். 1,100 பக்கங்களில் நாங்கள் சரிபார்த்த பக்கம் மட்டும் நூற்றுக்கு மேல். எல்லாவற்றிலும் அச்செழுத்தின் புள்ளியையே தேடினோம். ஓரத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

அன்றிரவு அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். 'புறநானூறு' 1894-இல் அச்சேறியது. அதற்கு முன்னும் பின்னும் உ.வே.சா. செய்த பதிப்புகளில் நாம் போற்றும் பண்பு ஒன்று உண்டு: ஏடுகளில் கண்ட வேறுபாடுகளைத் தாமே தீர்த்து மறைத்துவிடாமல், பாடபேதமாகக் கீழே குறித்துக்கொண்டு போனது. தாம் தவறாகவும் இருக்கலாம், பின்னால் வருகிறவன் பார்த்துக்கொள்ளட்டும் என்கிற அடக்கம் அது. தமக்குப் பொருந்தாத சொல்லைத் தாமே 'திருத்தி' எழுதிவைத்துப்போன ஏடெழுதிகளும் இருந்திருக்கிறார்கள். திருத்தியதற்கான சுவடே இல்லாத திருத்தம்தான் ஆராய்ச்சியாளனுக்குப் பெரும் பகை. இன்றைய உச்சவிலைக் கைபேசிகள் எல்லாமே, கூடவோ குறையவோ, திருத்தி எழுதும் ஏடெழுதிகள். முகத்தில் பருவை நீக்கும், வானத்தை நீலமாக்கும், தொலைவில் உள்ள பெயர்ப்பலகையைப் பெரிதாக்கினால், தெரியாத எழுத்தை எழுத்துப்போன்ற ஏதோ ஒன்றால் நிரப்பும். எங்களுக்கு அந்தக் கைங்கரியம் வேண்டியிருக்கவில்லை.

ஆகவே ஒப்பிடும் அளவுகோலையே மாற்றிக்கொண்டோம். எது வேகம், எது பளிச்சு என்று பார்ப்பதை விட்டு, 'சும்மா இரு' என்று சொன்னால் எது சும்மா இருக்கிறது என்று பார்த்தோம். உயர்விலைக் கைபேசிகளுக்கு இங்கேதான் உண்மையான மேன்மை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். பதப்படுத்தாத மூலப்படமாகச் சேமிக்கும் வசதி அவற்றில் பெரும்பாலும் இருக்கிறது. தேடினால்தான் கிடைக்கும், அமைப்புகளுக்குள் இரண்டு மூன்று கதவு தாண்டி வைத்திருக்கிறார்கள். அப்படி எடுத்த படம் அழகாக இருக்காது. மங்கலாக, பழுப்பாக, தாளின் வாசனை அடிப்பது போல இருக்கும். ஆனால் பென்சில் இருந்தது. கறையும் இருந்தது. பூச்சி துளைத்த வழியும் இருந்தது.

கோப்பு பெரிது, ஒரு படம் 20 மெகாபைட்டை ஒட்டி வந்தது. 8,500 பக்கத்துக்கு 170 ஜிகாபைட். நினைவு அட்டை இல்லாததால் நாள்தோறும் கம்பி வழியே கணினிக்கு இறக்கினோம். எழுத்துணரி மென்பொருளில் கொடுத்துப் பார்த்தோம். தமிழை நன்றாகவே படிக்கிறது. ஆனால் 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முந்தைய அச்சில் வரும், துதிக்கை போட்ட லை, ணை, னை ஆகியவற்றைக் கண்டால் எங்கள் பக்கங்களில் அது அடிக்கடி தடுமாறியது. அதை மாணவர்கள் கண்ணால் பார்த்துத் திருத்துகிறார்கள். இந்தத் தலைமுறையில் பழைய 'லை'யைத் தெரிந்த பத்து மாணவர்களாவது திண்டுக்கல்லில் உருவாகிவிட்டார்கள். எதிர்பாராத வரவு.

*

பணத்தை என்ன செய்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு.

வங்கி நண்பர் ஒரு கணக்குப் போட்டார். எஸ்25-க்கும் பிக்சல் 9-க்கும் ஏழாண்டுகள் மென்பொருள் தருவதாக நிறுவனங்கள் உறுதி சொல்கின்றன. ஒன்பிளஸ் 13-க்கு நான்கு ஆண்ட்ராய்ட் பதிப்புகளும் ஆறாண்டுப் பாதுகாப்பு மாற்றங்களும். விலையை ஆண்டால் வகுத்தால், எஸ்25-க்கு ஆண்டுக்கு 11,571 ரூபாய், பிக்சலுக்கு 11,428, ஒன்பிளஸுக்கு 11,667. மூன்றும் மூன்று கடலில் மிதக்கிற கப்பல்கள் என்று எண்ணியிருந்தோம். மாதத்துக்கு ஆயிரத்தை ஒட்டிய ஒரே துறையில்தான் நிற்கின்றன. இடையில் ஒருமுறையேனும் மின்கலம் மாற்ற வேண்டிவரும். அதைச் சேர்த்தாலும் பெரிய மாற்றமில்லை. ஏழாண்டும் அதே கைபேசியை வைத்திருக்கும் பொறுமை உள்ளவருக்கு இது நியாயமான விலை. இரண்டாண்டில் மாற்றுகிறவருக்கு இதைவிட வீண்செலவு இல்லை. நல்லது எது என்று எங்களிடம் கேட்கிறவர்களை, எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள் என்று நாங்கள் திருப்பிக் கேட்பது இதனால்தான்.

நாங்கள் வாங்கவில்லை. மூன்றில் ஒன்றின் உரிமையாளர், வேலை முடியும் வரை வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டார். எது என்று கேட்காதீர்கள். இரவல் கிடைத்தது என்பதே அதன் முதன்மையான சிறப்பு. சேர்ந்த பணத்தில், கைபேசியைக் கவிழ்த்து நிறுத்த வெல்டிங் பட்டறையில் ஒரு தாங்கி செய்தோம், 1,800 ரூபாய். இருபுறமும் சாய்த்து வைக்க எல்இடி விளக்குகள் 2,400. பக்கத்தை அழுத்தாமல் சமன்செய்யக் கண்ணாடித் துண்டு 350. ஒரே படங்களை இரண்டு இடத்தில் வைக்க இரண்டு ஹார்ட் டிஸ்க், 13,000. ஆக 17,550. மீதியில் மாணவர்களின் பேருந்துக் கட்டணமும் காலைச் சிற்றுண்டியும் போக, இன்னும் ஒரு பெட்டிக்குப் போதுமான பணம் இருக்கிறது. பெட்டி இருக்கும் வீடு தெரிந்தவர்கள் சொல்லலாம்.

1,100 பக்கங்களையும் முதலிலிருந்து எடுத்தோம். மே 27 அன்று கடைசிப் பக்கம். 29 அன்று அம்மா கிளம்பினார். பெட்டி வண்டியில் ஏறுமுன், பட்டறைக்காரர் அராவிக் கொடுத்த சாவியை அவர் சேலை முந்தானையில் முடிந்துகொண்டார். நாங்கள் கைபேசியை நீட்டினோம். பழுப்புப் பக்கம். 1960-களின் ஓர் இதழ். புதுக்கவிதைக்கு ஓசை வேண்டுமா வேண்டாமா என்று நடந்த பெரிய வாதத்தின் நடுவே, ஓரத்தில், சாரின் சாய்ந்த பென்சில். இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டினோம். இலக்கியக் குறிப்பாக இருக்கும் என்றுதான் நாங்களும் அதைத் தேர்ந்திருந்தோம். பெரிதான பிறகே படிக்க முடிந்தது: 'பால் பாக்கி ரூ. 6.25'.

அம்மா வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அது அப்பவே குடுத்தாச்சு தம்பி."